.22 பிஸ்டல் 10 வினாடி சீரிஸில் மட்டும் ஜாம் ஆகிறது – எங்கிருந்து ஆரம்பிப்பது?

#1 கருப்புவட்டம்

எல்லோருக்கும் வணக்கம். 25 மீட்டர் ஸ்டாண்டர்ட் பிஸ்டலுக்குப் பயிற்சி எடுக்கிறேன். பிஸ்டல் கிளப்புடையது. ஐரோப்பியத் தயாரிப்பு, .22 எல்ஆர், ஐந்து தோட்டா மேகசின், நல்ல வயசான துப்பாக்கி. பிராண்ட் பெயரைப் போட்டால் நாலாவது பதிவிலேயே எது உசத்தி என்று சண்டை கிளம்பிவிடும், அதனால் வேண்டாம்.

ஒரு சீரிஸ் என்றால் ஐந்து தோட்டா, அதற்கான நேரம் 150, 20, 10 வினாடி என்று குறையும். 150 வினாடி சீரிஸ் நான்கும் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது. 20 வினாடியில் எப்போதாவது ஒரு தடங்கல். 10 வினாடிக்கு வந்தால்தான் தொல்லை. சுட்ட கேஸ் (தோட்டாவின் காலிக் கூடு) சேம்பரை, அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை, விட்டு வராமல் நிற்கிறது. சில சமயம் பாதி வந்து போல்ட்டுக்கும் (ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய்த் திரும்பும் பாகம்) பேரலுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. வேகமாகச் சுடும்போது போல்ட்டால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று எனக்குப் படுகிறது. கோச் போல்ட்டைத் திருப்பித் தள்ளும் ரிகாயில் ஸ்ப்ரிங்கை மாற்றலாம் என்கிறார். ஒரு சீனியர் டிரிகரைக் கொஞ்சம் லேசாக்கிப் பார் என்கிறார். ஸ்டேட் மேட்ச் நெருங்குகிறது. முதலில் எதைத் தொடலாம்?

#2 எண்ணெய்க்குப்பி

எண்ணெய் போடுங்க ப்ரோ. டபிள்யூடி-40 எடுத்து உள்ளே நன்றாக அடித்துவிட்டு நாலு தடவை போல்ட்டை இழுத்து விடுங்க. என் பிஸ்டலுக்கு அதுதான் செய்கிறேன், வெண்ணெய் மாதிரி ஓடுது.

#3 பழையஆர்மரர்

தம்பி கருப்புவட்டம், ஸ்ப்ரிங், டிரிகர், ஸ்ப்ரே எதையும் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

உங்கள் ஊகத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். .22 பிஸ்டலின் போல்ட் பின்னால் போய்த் திரும்பி வந்து மூட ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நீங்கள் 10 வினாடியில் சுடுவது ஐந்து தோட்டா. தோட்டாவுக்கு இரண்டு வினாடி. போல்ட்டுக்கு அது ஓய்வு நேரம். அதனால் வேகம் காரணமாக இருக்க வாய்ப்பே இல்லை.

பிறகு ஏன் 10 வினாடியில் மட்டும்? ஸ்டாண்டர்ட் பிஸ்டலில் மொத்தம் 60 தோட்டா. 150 வினாடி சீரிஸ்களில் 20 தோட்டா, அடுத்து 20 வினாடி சீரிஸ்களில் 20, கடைசியாகத்தான் 10 வினாடி சீரிஸ்களில் 20. அதாவது 10 வினாடி தொடங்கும்போது, ஸ்கோரில் சேராத தொடக்கச் சைட்டர் சீரிஸையும் சேர்த்தால் நாற்பதுக்கு மேல் சுட்டு முடித்திருப்பீர்கள். உங்களுக்கு இது வேகக் கோளாறாகத் தெரிகிறது. எனக்கு இது வரிசைக் கோளாறாகத் தெரிகிறது.

பிரித்துப் பார்ப்பது சுலபம். துப்பாக்கியைச் சுத்தம் செய்துவிட்டு, 10 வினாடி சீரிஸ் நான்கையும் முதலில் சுடுங்கள். அப்புறம் 20. கடைசியில் நிதானமாக 150. ஜாம் 10 வினாடியோடு சேர்ந்து முன்னால் வருகிறதா, இல்லை கடைசியிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். இதற்குப் பைசா செலவில்லை, ஒரு ஸ்க்ரூகூடத் திருப்ப வேண்டாம்.

சுடும்போது இன்னும் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மேகசின் என்பது ஒன்று. எல்லா மேகசினுக்கும் அடியில் நகப்பூச்சால் எண் போடுங்கள். இரண்டாவது, கேஸ் எங்கே போய் விழுகிறது. எப்போதும் ஒரே இடத்தில் விழுந்தால் நல்லது. போகப்போகக் காலடிக்குப் பக்கத்தில் விழ ஆரம்பித்தால் போல்ட் முழுத் தூரம் போகவில்லை, அழுக்கோ உராய்வோ தடுக்கிறது. வழக்கத்தைவிடத் தூரமாகப் பறந்தால் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கலாம். மூன்றாவது, ஜாம் ஆன கேஸைத் தூக்கிப் போடாமல் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். நான் பார்க்க விரும்புவது அதைத்தான்.

எண்ணெய்க்குப்பிக்கு: டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், துரு பிடித்த திருகாணியைக் கழற்ற உதவும். டிரிகர் மெக்கானிசத்துக்குள் அடித்தால் நாளாக நாளாகப் பிசுபிசுப்பாகப் படிந்து தூசியைப் பிடித்து வைக்கும். சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் சியர் என்ற கொக்கி இருக்கும் இடத்தில் அந்தப் பிசுபிசுப்பு இருந்தால் டிரிகர் எடை நாளுக்கு நாள் மாறும். அப்புறம் வெயிட் செக்கில் நின்று முழிக்க வேண்டியதுதான்.

#4 இடக்கைக்காரி

ஆர்மரர் சார் சொன்ன சோதனையை ஆதரிக்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 10 வினாடியில் நம் பிடியும் மாறும். நிதானமாகச் சுடும்போது மணிக்கட்டு இறுகி நிற்கும். அவசரத்தில் கை தூக்கும்போது பிடி தளர்ந்தால், போல்ட் பின்னால் போகும் வேகத்தில் துப்பாக்கியும் சேர்ந்து நகரும், போல்ட் முழுசாகப் போகாது. நைன் எம்எம் அளவுக்கு .22-இல் இது பெரிய விஷயமில்லை, ஆனால் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாவோடு பழைய துப்பாக்கி சேர்ந்தால் விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் அதே துப்பாக்கி, அதே மேகசின், அதே தோட்டாவோடு வேறு ஒருவரைச் சுடச் சொல்லிப் பாருங்கள். அவருக்கும் மாட்டினால் கையின் மேல் பழி இல்லை.

(இடது கையால் சுடுபவளாக ஒரு குறை: வலது பக்கம் கேஸ் தள்ளும் துப்பாக்கியில் ஜாம் ஆவதைவிட, ஜாம் ஆகாமல் வரும் சூடான கேஸ்தான் எனக்குப் பெரிய பிரச்சினை. இதைப் பற்றி யாரும் இழை ஆரம்பிப்பதில்லை.)

#5 கோவை25

டிரிகரை லேசாக்கச் சொன்ன சீனியரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கேஸ் வெளியே வராததற்கும் டிரிகருக்கும் என்ன சம்பந்தம்? 25 மீட்டர் போட்டிகளுக்கு டிரிகர் எடை குறைந்தபட்சம் 1000 கிராம். ஏர் பிஸ்டலுக்கு 500. கிளப் துப்பாக்கியை நீங்கள் லேசாக்கி வைத்தால் அடுத்து எடுத்துப் போகிறவன் எக்விப்மென்ட் கன்ட்ரோலில் மாட்டுவான்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி: சின்ன பாட்டிலில் கம்பிக் கொக்கி கட்டி, சமையலறைத் தராசில் வைத்து, மொத்த எடை 1020 அல்லது 1030 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் துப்பாக்கி என்பதை இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, காக் செய்து (சுடும் நிலைக்கு இழுத்து வைத்து), பேரலைச் செங்குத்தாகப் பிடித்து, டிரிகரின் நடுவில் மாட்டி, தரையிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். பாட்டில் முழுசாகத் தரையை விட்டு எழ வேண்டும். போட்டியில் மூன்று வாய்ப்புதான் தருவார்கள். சரியாக 1000-இல் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் மூன்றாவது வாய்ப்பில் வியர்த்துப் போவார்கள். மேலே ஒரு இருபது முப்பது கிராம் இருந்தால் யார் விரலுக்கும் தெரியாது.

#6 மட்டுறுத்துநர்

நினைவூட்டல்: சோதனை எதுவானாலும் ரேஞ்சில், டார்கெட் பக்கம் நோக்கியே. வீட்டில் .22 தோட்டாவும் துப்பாக்கியும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. உள் பாகங்களில் உலோகத்தை எடுக்கும் வேலை எதையும் இங்கே படிப்படியாக விளக்க வேண்டாம், அது லைசென்ஸ் உள்ள ஆர்மரர் வேலை.

#7 கருப்புவட்டம்

நன்றி. சோதனை செய்துவிட்டேன்.

ஆர்மரர் அண்ணா சொன்னபடியே ஆனது. சுத்தமான துப்பாக்கியில் 10 வினாடி நான்கு சீரிஸும் தடங்கல் இல்லாமல் ஓடியது. 20-உம் அப்படியே. கடைசியில் 150 வினாடியில், நிதானமாகச் சுடும்போது, இரண்டாவது சீரிஸிலேயே கேஸ் சேம்பரில் நின்றுவிட்டது. இடக்கைக்காரி அக்கா சொன்ன மாதிரி கோச்சிடமும் கொடுத்துப் பார்த்தேன், அவருக்கும் மாட்டியது.

மூன்று மேகசினிலும் வருகிறது. கேஸ் விழும் இடம் போகப்போகக் கிட்டே வருகிறது. டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்படியென்றால் அழுக்கு, சரியா? சேம்பரை நன்றாகச் சுத்தம் செய்தால் முடிந்ததா?

#8 பழையஆர்மரர்

பாதி முடிந்தது. அழுக்கு சேரும்போது மாட்டுகிறது என்பது உறுதி. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் ஒரு மேட்ச் பிஸ்டல் நாற்பது தோட்டா அழுக்குக்கெல்லாம் மூச்சு வாங்கக் கூடாது. ஒரு மேட்ச் முழுக்க ஓடி மிச்சமும் தாங்க வேண்டும். வேறு ஏதோ ஒன்று ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது, அழுக்கு அதற்குக் கடைசித் தள்ளு கொடுக்கிறது.

அந்த அழுக்கு என்ன என்று புரிந்துகொண்டால் மேலே போகலாம். .22 மேட்ச் தோட்டாவின் தலை வெறும் ஈயம், மேலே செம்பு உறை கிடையாது. ஈயம் பேரலில் ஒட்டாமல் இருக்க வெளியே மெழுகோ கொழுப்போ பூசியிருப்பார்கள். ஒவ்வொரு முறை ரவுண்ட் சேம்பருக்குள் நுழையும்போதும் அந்தப் பூச்சில் கொஞ்சம் விளிம்பில் வழித்துக்கொள்ளப்படும். அதோடு எரிந்த கரி சேரும். கேஸின் வாய் முடியும் இடத்தில் வளையமாக இறுகும். புது ரவுண்ட் அதில் இடித்துக்கொண்டுதான் உள்ளே போகும், சுட்ட கேஸ் அதில் ஒட்டிக்கொண்டுதான் வெளியே வரும்.

அதைத் தாண்டிப் பிடித்துக்கொண்டிருப்பது என்ன என்று கேஸ்தான் சொல்லும். டப்பாவைத் திறங்கள். நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

ரிம்மில் (கேஸின் அடிவிளிம்பில்), கேஸை இழுத்து வெளியே எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகம் கடித்த தடம் இருக்கிறதா? தடமே இல்லை என்றால் நகம் பிடிக்கவே இல்லை, நுனி மழுங்கியிருக்கும் அல்லது அதன் ஸ்ப்ரிங்குக்கு அடியில் கரி அடைத்திருக்கும். ஆழமாகக் கடித்து ரிம்மைக் கிழித்திருந்தால் நகம் ஒழுங்காக இழுத்திருக்கிறது, கேஸ்தான் வர மறுத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. பலர் இதைப் பார்க்காமலே புது எக்ஸ்ட்ராக்டர் ஆர்டர் செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்.

அடுத்து, கேஸின் உடம்பில் நீளவாக்கில் ஒரு கீறல் இருக்கிறதா? இருந்தால் எல்லாக் கேஸிலும் ஒரே இடத்தில், ஃபயரிங் பின் அடித்த தடத்துக்கு நேராக இருக்கிறதா? இதற்குப் பதில் சொல்லுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

#9 எண்ணெய்க்குப்பி

சரி சார், ஸ்ப்ரே வேண்டாம். எங்கள் கிளப்பில் தையல் மெஷின் ஆயில்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் தேங்காய் எண்ணெய்கூடப் போடுவார். அதெல்லாம் தப்பா?

#10 பழையஆர்மரர்

தையல் மெஷின் ஆயில் மோசமில்லை, மெல்லியது, பிசின் ஆகாது. துரு தடுப்பு மட்டும் கன் ஆயில் அளவுக்கு இருக்காது. போல்ட் ஓடும் தடத்தில் ஒரு சொட்டு வைத்துத் துணியால் துடைத்தால் போதும். சேம்பர், ஃபயரிங் பின் ஓட்டை, மேகசின் உள்பக்கம் மூன்றும் உலர்ந்தே இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் போனால் கரியோடு சேர்ந்து களியாகும், பின் அடிக்கும் வேகம் குறையும், தோட்டா வெடிக்காமல் போகும்.

தேங்காய் எண்ணெய் தலைக்கு. சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும். சென்னை மே மாதத்தில் தெரியாது. டிசம்பரில் டெல்லிக்கு நேஷனல்ஸ் போனால் தெரியும்.

#11 துக்ளகாபாத்குளிர்

டெல்லி என்றதும் உள்ளே வந்துவிட்டேன், பெயரைப் பார்த்தாலே புரியும்.

தெற்கிலிருந்து துக்ளகாபாத்தில் இருக்கும் கர்ணி சிங் ரேஞ்சுக்கு டிசம்பரில் வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் ஒரே கதை சொல்வார்கள்: ஊரில் நன்றாக ஓடியது, இங்கே வந்ததும் மாட்டுகிறது. காரணம் எண்ணெய் மட்டுமில்லை. தோட்டாவின் மேலே பூசிய அந்த மெழுகும் குளிரில் இறுகும். காலை முதல் டீட்டெயில் (முதலில் சுடும் அணி) என்றால் போல்ட்டில் போட்ட கிரீஸும் கெட்டியாக இருக்கும். துப்பாக்கி எப்போதும் போலப் பின்னால் போக முயற்சி செய்யும், ஆனால் வழியெல்லாம் பிசின்.

நான் பார்த்தவரை பலன் தருவது: கிரீஸை முழுசாகத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய், அதுவும் கொஞ்சமாக. தோட்டா டப்பாவைப் பைக்குள் அடியில் போடாமல் ஜாக்கெட் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது. அப்புறம் முக்கியமாக, ஊரில் எந்தத் தோட்டாவோடு பழகினீர்களோ அதையே கொண்டு வருவது. இங்கே வந்து கடைசி நேரத்தில் வேறு மேக் வாங்கிச் சுட்டால், எது குளிர், எது தோட்டா என்று பிரிக்கவே முடியாது.

வெடி கம்மியாக இருந்தால் ஹை வெலாசிட்டி போட்டுத் தள்ளிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார், ஒவ்வொரு வருஷமும் சொல்வார். கேட்காதீர்கள். இந்தப் பிஸ்டல்களின் ஸ்ப்ரிங்கும், போல்ட் இடிப்பதைத் தாங்கும் பஃபரும் வினாடிக்கு 330 மீட்டர் சுமாரில் போகும் ஸ்டாண்டர்ட் தோட்டாவுக்காக அமைத்தவை. வேகமான தோட்டா போல்ட்டைப் பின்சுவரில் அடித்து அடித்துப் பஃபரைத் தூளாக்கும்.

#12 கழுவாதபேரல்

எல்லோரும் சுத்தம் சுத்தம் என்கிறீர்கள். நான் வருஷத்துக்கு ஒரு தடவைகூடப் பேரலுக்குள் எதையும் விடுவதில்லை. ஸ்கோர் குறையவில்லை. கழுவினால்தான் அடுத்த பத்துப் பதினைந்து தோட்டா எங்கெங்கோ போகிறது. .22 பேரல் சுத்தம் செய்து கெட்டதுதான் அதிகம், சுட்டுக் கெட்டது குறைவு.

#13 பழையஆர்மரர்

இதில் உண்மை இருக்கிறது. கழுவின பேரலில் மெழுகுப் பூச்சு மறுபடி சமமாகப் படியும்வரை குரூப் (குண்டுகள் விழும் கூட்டம்) விரியும். மேட்சுக்கு முதல் நாள் இரவு பேரலைத் தேய்த்துப் பளபளக்க வைப்பது வேண்டாத வேலை. பேரல் கெடுவதும் பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து இரும்புக் குச்சியை விட்டு, வாய் விளிம்பைத் தேய்ப்பதால்தான். விட்டால் பின்பக்கத்திலிருந்து, நைலான் கயிறோ பூச்சுள்ள குச்சியோ.

ஆனால் தம்பி, நீங்கள் பேசுவது பேரல். நான் பேசுவது சேம்பர். பேரலைத் தொடாமலே சேம்பரை மட்டும் சின்ன நைலான் பிரஷால் சுற்றித் துடைக்கலாம். போல்ட் முகம், எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடி, இது இரண்டையும் பழைய டூத் பிரஷால் தேய்க்கலாம். ஒவ்வொரு பயிற்சிக்கு அப்புறமும் ஐந்து நிமிட வேலை. அது முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீ. ஈயம்.

#14 கழுவாதபேரல்

சரி, சேம்பரை ஒத்துக்கொள்கிறேன். பேரலை விடமாட்டேன்.

#15 நெல்லை10மீ

இழையைத் திசை திருப்புகிறேன் என்று திட்ட வேண்டாம். எனக்கு ஏர் பிஸ்டல். சிலிண்டர் வகை. எல்லாம் நன்றாக இருக்கும், ரேஞ்சுக்கு வந்து முதல் இரண்டு மூன்று ஷாட் மட்டும் மேலே போகும், அப்புறம் சரியாகிவிடும். நடுவில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் முதல் ஷாட் மேலே. என் கையா, துப்பாக்கியா?

#16 கோவை25

இது ரெகுலேட்டர் மாதிரி இருக்கிறது. சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் சுடும் அறைக்கு ரெகுலேட்டர் அதைக் குறைத்து ஒரே அளவில்தான் தர வேண்டும். அதன் சீட்டில் துளி அழுக்கோ தேய்மானமோ இருந்தால், சும்மா இருக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் காற்று கசிந்து உள்ளே அழுத்தம் ஏறும். முதல் ஷாட் வேகமாகப் போகும். தொடர்ந்து சுடும்போது ஏற நேரமிருக்காது, அதனால் சரியாகத் தெரியும்.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கிடைத்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தொடர்ந்து பத்து ஷாட் எழுதுங்கள். பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டு அடுத்த ஷாட்டைத் தனியாக எழுதுங்கள். மேட்ச் ஏர் பிஸ்டல் பொதுவாக வினாடிக்கு 150 மீட்டர் பக்கத்தில் ஓடும். தொடர் ஷாட்டுகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் நெருங்கி நின்று, ஓய்வுக்குப் பிந்தைய ஷாட் மட்டும் தனியாகத் தாண்டிப் போனால் கை மேல் தப்பில்லை. ரெகுலேட்டரை நீங்களே பிரிக்க வேண்டாம், சர்வீசுக்குக் கொடுங்கள்.

#17 இடக்கைக்காரி

சிலிண்டர் பேச்சு வந்ததால்: முதலில் அதில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். தயாரித்து பத்து வருஷம்தான் ஆயுள். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்குகிற பிஸ்டல்களில் பாதிக்குச் சிலிண்டர் காலாவதியாகி இருக்கும். புதுச் சிலிண்டர் விலையைக் கேட்டதும் மலிவு போய்விடும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ஹேண்ட் பம்ப் அடிக்கும்போது நம் ஊர்க் காற்றின் ஈரமும் அழுந்தித் தண்ணீராக உள்ளே போகும். பம்பில் ஃபில்டர் இருந்தாலும் அதை மாற்றுகிறோமா? டைவிங் சிலிண்டரில் வரும் உலர்ந்த காற்று நல்லது. நிரப்பும்போது மெதுவாக. வேகமாக நிரப்பினால் சூடாகி 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும், கசிகிறது என்று பயப்படுவோம். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். சாதாரண எண்ணெயும் உயர் அழுத்தக் காற்றும் சேர்ந்தால் தீப்பற்ற வாய்ப்பு உண்டு. சென்னை வெயிலில் காருக்குள் நிரப்பின சிலிண்டரை விட்டுப் போகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

பிஸ்டல் பெட்டியில் இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிஸ்டலை நாள்கணக்கில் அதிலேயே மூடி வைக்காமல், துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வெளியே வையுங்கள். வியர்வைக் கை பட்ட இடத்தில் இரண்டே நாளில் சிவப்புப் புள்ளி வரும்.

#18 எண்ணெய்க்குப்பி

நம் வீராங்கனை மனு பாக்கருக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்தது ஏர் பிஸ்டல்தானே? அதுவும் பராமரிப்புக் கோளாறா?

#19 கோவை25

அப்படிச் சொல்வது அநியாயம். 2021 ஜூலை, 10 மீட்டர் தகுதிச் சுற்று. லீவர் உடைந்தது, அதை மாற்றியதும் எலக்ட்ரானிக் டிரிகர் வேலை செய்யவில்லை, சர்க்யூட்டையும் மாற்ற வேண்டி வந்தது என்று அப்போது செய்திகளில் வந்தது. கிட்டத்தட்ட இருபது நிமிடம் போனது. 60 ஷாட்டுக்கு 75 நிமிடம், நம் துப்பாக்கி பழுதானால் கடிகாரம் நிற்காது. அத்தனைக்கும் அப்புறம் 575 எடுத்து 12-வது இடம். எட்டுப் பேர்தான் ஃபைனல். எவ்வளவு பராமரித்தாலும் உலோகம் உடையும் நாளில் உடையும். அவர் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார், கணக்கு தீர்ந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. ஸ்பேர் பிஸ்டலில் கிரிப்பும் சைட்டும் நமக்கு ஏற்றபடி முன்கூட்டியே அமைந்திருந்தால்தான் அது ஸ்பேர். எலக்ட்ரானிக் டிரிகர்க்காரர்கள் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் புது பேட்டரி போட்டுப் பாருங்கள்.

#20 கருப்புவட்டம்

மறுபடியும் என் ஜாம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ரிம்மில் எக்ஸ்ட்ராக்டர் தடம் ஆழமாக இருக்கிறது, ஒன்றிரண்டில் கிழிந்தே இருக்கிறது. உடம்பில் கீறலும் இருக்கிறது! எல்லாவற்றிலும், பின் அடித்த தடத்துக்கு நேர் கீழே ஆரம்பித்து நீளமாக.

#21 பழையஆர்மரர்

அப்படியென்றால் எக்ஸ்ட்ராக்டர் குற்றவாளி இல்லை, நன்றாகத்தான் உழைத்திருக்கிறது. சேம்பர் விளிம்பில் பர், அதாவது உலோகப் பிதுக்கம், எழும்பியிருக்கிறது.

.22 ரிம்ஃபயர் என்பதால் ஃபயரிங் பின் தோட்டாவின் நடுவில் அடிக்காது, ஓரத்தில் ரிம்மை அடிக்கும். உள்ளே தோட்டா இல்லாமல் டிரை ஃபயர் செய்தால், பல துப்பாக்கிகளில் பின் நேராகப் போய்ச் சேம்பர் விளிம்பைக் குத்தும். கிளப் துப்பாக்கி, வருகிறவன் போகிறவன் எல்லாம் கிளிக் கிளிக் என்று அடித்துப் பார்த்திருப்பான். விளிம்பில் பள்ளம் விழும், பள்ளத்து உலோகம் உள்பக்கம் பிதுங்கும். அந்தப் பிதுக்கம்தான் ஒவ்வொரு கேஸையும் கீறுகிறது. சுத்தமாக இருக்கும்போது எக்ஸ்ட்ராக்டர் பலத்தால் இழுத்துவிடுகிறது. கரி வளையமும் சேர்ந்ததும் இழுக்க முடியவில்லை.

உறுதி செய்ய: ரேஞ்சில் ஆர்மரர் முன்னிலையில் பேரலைக் கழற்றி, சேம்பரைச் சுத்தம் செய்து, சுட்ட கேஸை அல்ல, சுடாத ரவுண்ட் ஒன்றை அவர் விரலால் விடட்டும். நல்ல சேம்பரில் தன் எடையிலேயே கிட்டத்தட்ட முழுசாக இறங்கும், லேசாகத் தள்ளினால் உட்காரும். உங்களுடையதில் விளிம்பிலேயே பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

வைத்தியம் அரம் இல்லை. தேய்த்து எடுத்தால் ரிம்முக்கு முன்பக்கத் தாங்கல் போய்விடும். இதற்கென்றே கூம்பு வடிவக் கருவி ஒன்று உண்டு, சேம்பர் அயர்னிங் டூல் என்பார்கள். பிதுங்கிய உலோகத்தை அது இருந்த இடத்துக்கே அழுத்தித் தள்ளும். கிளப் ஆர்மரரிடம் கேளுங்கள், பெரும்பாலும் வைத்திருப்பார்.

#22 துக்ளகாபாத்குளிர்

இது சரியாகும்வரை மேட்சில் மாட்டினால் என்ன செய்வீர்கள் என்பதையும் பழகிக்கொள்ளுங்கள். துப்பாக்கி டார்கெட்டைப் பார்த்தே இருக்கட்டும், பிடியை விடாதீர்கள், மறு கையைத் தூக்குங்கள். ரேஞ்ச் ஆபீசர் வந்து பார்க்கும் முன் போல்ட்டையோ சேஃப்டியையோ தொட்டால் உண்மையான ஜாமும் அனுமதிக்கப்படாத மால்ஃபங்ஷன் ஆகிவிடும். கேஸ் வெளியே வராதது அனுமதிக்கப்பட்ட வகை. மேகசினில் குறைவாகப் போட்டது, சேஃப்டியை எடுக்காதது, டிரிகரை முழுசாக விடாமல் மறுபடி அழுத்தியது, இதெல்லாம் நம் தலையில்தான் விழும்.

ஒன்று மட்டும் விதிவிலக்கே இல்லாமல்: சத்தம் வழக்கத்தைவிடப் பொத்தென்று கேட்டாலோ டார்கெட்டில் ஷாட் விழாவிட்டாலோ அடுத்தது சுடாதீர்கள். தோட்டாவின் தலை பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

#23 கருப்புவட்டம்

ஆர்மரரிடம் காட்டினேன். ரவுண்ட் விளிம்பிலேயே நின்றது, பள்ளம் கண்ணுக்கே தெரிகிறது. அவரிடம் அந்தக் கூம்புக் கருவி இருந்தது. வேலை முடிந்ததும் ரவுண்ட் தானாக இறங்குகிறது. நேற்று 60 தோட்டா முழு மேட்ச் வரிசையில் சுட்டேன், கேஸ் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தது, புதுக் கேஸில் கீறல் இல்லை. ரிகாயில் ஸ்ப்ரிங் பழையதே. டிரிகர் எடை பாட்டில் வைத்துப் பார்த்தேன், அதுவும் பழையபடியே.

இனி டிரை ஃபயருக்கு என்ன செய்வது? பிளாஸ்டிக் டம்மி ஆன்லைனில் விலை அதிகமாக இருக்கிறது, கிளப்பில் எல்லோருக்கும் வேண்டும்.

#24 கழுவாதபேரல்

ஹார்ட்வேர் கடையில் சுவரில் ஸ்க்ரூ அடிக்கப் போடும் பிளாஸ்டிக் ராவல் பிளக். விளிம்பு உள்ள சின்ன அளவு. அமெரிக்காவில் .22-காரர்கள் மஞ்சள் நிறத்தில் ஒன்றை ரொம்ப காலமாக இதற்குப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் அளவு மாறும், சுட்ட கேஸ் ஒன்றைக் கையில் கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

#25 பழையஆர்மரர்

நல்ல யோசனை. தளர்வாக உட்கார வேண்டும், திணித்துச் செருக வேண்டியதை வாங்காதீர்கள். பின் அடித்து அடித்து விளிம்பு நசுங்கும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுற்றி வையுங்கள், முழுக்க நசுங்கியதும் தூக்கிப் போடுங்கள். நிறம் பளிச்சென்று இருக்கட்டும். அந்த டப்பா தோட்டாப் பெட்டி இருக்கும் அலமாரியில் இருக்கக் கூடாது.